திறந்த நிரலும் பூட்டிய சில்லும்
- சமிக்ஞைச் செயலாக்கத்தில் வன்பொருள் தேர்வு பற்றிய ஒரு மறுப்பு -

சமிக்ஞைச் செயலாக்கத்துக்கான திறந்த மூல மென்பொருளை எடுத்தாள முற்படும் ஆய்வுகூடம் எதுவாயினும் அங்கு முதலில் எழும் வினா, 'எந்தச் சில்லினை வாங்குவது?' என்பதாகவே இருக்கின்றது. விற்பனையாளரின் விபரத்தாள்கள் விரிக்கப்படுகின்றன. செக்கனுக்கு எத்தனை கோடி பெருக்கல் என்னும் உச்ச எண்கள் ஒப்பிடப்படுகின்றன. எண் பெரிதாயுள்ள பலகை வாங்கப்படுகின்றது. மென்பொருள் அதற்கேற்ப வளைந்துகொள்ளும் என்பது எவரும் ஆராயாது ஏற்றுக்கொண்ட நம்பிக்கையாகும். இந்நம்பிக்கை பிழையானது மட்டுமன்று, கேடு விளைப்பதுமாகும். கடந்த முப்பது ஆண்டு வரலாற்றில் சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன, நிரல்களோ நிலைத்தன. மறையும் பொருளுக்கு நிலைக்கும் பொருளை அடிமையாக்குவது எவ்வகை அறிவுடைமை என்பதே ஈண்டு எழுப்பப்பட வேண்டிய வினாவாகும்.

இடைநிலை மென்பொருள் எனப்படுவது யாது என்பதைச் சுருங்கக் கூறுதல் தகும். வானலையிலிருந்து ஏற்பி வழியே வந்துசேர்வது எண்களின் இடையறா ஓட்டமாகும். அவ்வோட்டத்தை வடிகட்டுதல், மீடிறன் மாற்றுதல், பண்பிறக்குதல், பிழை திருத்துதல் என்பன ஒவ்வொன்றும் தனித்தனிக் கூறுகள். இக்கூறுகளை ஒன்றோடொன்று தொடுத்து, ஒன்றின் விளைவை மற்றொன்றின் வாயிலிற் சேர்த்து, எதுவும் பட்டினி கிடவாமலும் நிரம்பி வழியாமலும் ஓட்டுவதே இடைநிலை மென்பொருளின் பணி. இவ்வகையில் மிகப் பரந்து பயன்படுவது குனூ றேடியோ. 2001 ஆம் ஆண்டில் எரிக் புளொசம் என்பவரால், ஜோன் கில்மோர் என்பாரின் பண உதவியுடன் தொடங்கப்பெற்ற இது, குனூ பொது உரிமத்தின்கீழ் எவரும் வாசிக்கவும் திருத்தவும் பகிரவும் உரியது.

அதன் முன்னோடி அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் 1990களில் நடந்த ஸ்பெக்ட்ரம்வெயர் ஆய்வாகும். குனூ றேடியோவின் முதல் நிரல் அவ்வாய்விலிருந்தே பெறப்பட்டது. 2004 இல் முற்றாக மீள எழுதப்பட்டது. அக்காலத்தில் மென்பொருள் வானொலி என்னும் எண்ணக்கரு புதிது. 1992 இல் ஜோசப் மிற்றோலா அதனை எழுதி வெளியிட்டிருந்தார். ஐக்கிய அமெரிக்க இராணுவத்தின் ஸ்பீக்கீசித் திட்டம் அதனை ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனத்தின் சி40 எனும் சிறப்புச் சமிக்ஞைச் செயலிகளின்மீது கட்டியது. ஸ்பெக்ட்ரம்வெயர் ஆய்வாளரோ கடையில் வாங்கத்தக்க பொதுநோக்குக் கணினியைத் தெரிந்தனர். பொதுநோக்குச் செயலியின் வளர்ச்சியைச் சந்தை முழுவதும் சேர்ந்து தோளிற் சுமக்கும், சிறப்புச் செயலியின் வளர்ச்சியை ஒரு நிறுவனம் மட்டுமே சுமக்கும் என்பது அவர்தம் கணிப்பு. அது அன்று சோம்பேறித்தனமாகத் தோன்றியிருக்கலாம். சி40 இன்று அருங்காட்சியகப் பொருள். ஸ்பெக்ட்ரம்வெயரின் வழித்தோன்றலோ உலகெங்கணும் ஓடிக்கொண்டிருக்கின்றது.

உச்ச எண்ணை நம்பி வன்பொருளைத் தெரிந்தோர்க்கு நேர்ந்தது யாது என்பதற்கு செல் செயலியின் கதையினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஐ.பி.எம்., சோனி, தொஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் கூடி ஆக்கிய அச்செயலி, 2006 நவம்பரில் பிளேஸ்ரேஷன் 3 என்னும் விளையாட்டுப் பொறிக்குள் வைத்து விற்கப்பட்டது. ஒரு தலைமைக் கருவும் எட்டுத் துணைக் கருக்களும் கொண்ட அதன் கணிப்பு வேகம் அக்கால மேசைக்கணினிகளை வெட்கமுறச் செய்தது. அப்பொறியில் லினக்ஸ் பணிசெயல் முறைமையை நிறுவவும் சோனி நிறுவனம் அனுமதித்திருந்தது. சமிக்ஞைச் செயலாக்கத்தில் ஈடுபட்டோர் இதனைப் பெருவரமெனக் கொண்டனர். குனூ றேடியோவினுள்ளும் செல் செயலிக்கெனத் தனிப் பகுதியொன்று எழுதப்பட்டது. ஐக்கிய அமெரிக்க விமானப்படையின் ஆய்வுகூடம் ஏறத்தாழ 1,760 விளையாட்டுப் பொறிகளைப் பிணைத்து, 2010 இல் கொண்டோர் என்னும் மீக்கணினியைக் கட்டியது.

இவ்வேகத்துக்குக் கொடுக்கப்பட்ட விலை என்ன? துணைக் கரு ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைற்று உள்நினைவகம் மட்டுமே உண்டு. பொது நினைவகத்தை அது நேரே தொட இயலாது. தரவினைத் துண்டு துண்டாக உள்ளே கொணர்ந்து, கணித்து, வெளியே அனுப்பும் பொறுப்பு முழுவதும் நிரலாசிரியர் தலையில் விழுந்தது. பிற செயலிக்கென எழுதிய நிரல் இதிற் பயன்படாது; இதற்கென எழுதிய நிரல் பிறிதொன்றிற் பயன்படாது. மாதக்கணக்கான உழைப்பு அச்சில்லின் தனி இயல்புகளுக்குள் புதைக்கப்பட்டது. பின்னர், 2009 இல் வெளிவந்த மெலிந்த பிளேஸ்ரேஷனில் லினக்ஸ் நிறுவும் வசதி இல்லாது போயிற்று. 2010 ஏப்பிரல் 1 ஆம் திகதி வெளியிடப்பட்ட 3.21 என்னும் நிலைபொருள், பழைய பொறிகளிலிருந்தும் அவ்வசதியை அகற்றியது. புதுப்பிக்க மறுத்தோர் பொறியை வைத்திருக்கலாம். அது பழுதுபட்டால் கடையில் வாங்கும் புதிய பொறி அதற்கு மாற்றாகாது. 2008 இல் உலகின் மிக வேகமான கணினியாய் முடிசூடிய, செல் செயலியின் உறவினையே நெஞ்சாகக் கொண்ட ரோட்ரன்னர், 2013 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. குனூ றேடியோவும் தன் செல் பகுதியைக் களைந்தது. வாடகை வீட்டிலே கிணறு வெட்டியோர் கதை இதுவேயாம்.

இங்கு ஒரு மறுப்புரை எழக்கூடும். செல் ஒரு தனி விபத்து. விளையாட்டுப் பொருளை நம்பியது தவறேயொழிய, உயர்தர வன்பொருளை நம்பியது தவறன்று என்பார் உளர். நெதர்லாந்தின் லோபார் வானொலித் தொலைகாட்டி அவர்க்குத் தக்க விடையளிக்கும். ஆயிரக்கணக்கான சிறு வானலைவாங்கிகளின் சமிக்ஞைகளை மென்பொருளாலேயே ஒப்பிட்டு இணைக்கும் அத்தொலைகாட்டிக்கென, 2005 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் புளூ ஜீன் மீக்கணினி குரோனிங்கனில் நிறுவப்பட்டது. சில ஆண்டுகளில் அதன் அடுத்த தலைமுறைப் பொறி அவ்விடத்தைப் பிடித்தது. 2014 இல் அதுவும் அகற்றப்பட்டு, சாதாரணப் பரிமாறு கணினிகளிற் செருகிய வரைவியற் செயலிகளால் ஆன கோபால்ற் என்னும் தொகுதி வந்தது. விளையாட்டுப் பொருளன்று, நூற்றுக்கு நூறு ஆய்வுப் பொறியே அது. அப்படியிருந்தும் பத்தாண்டுக்குள் மூன்று மேடைகள். புளூ ஜீனுக்கென அசெம்பிளி மொழியிற் செதுக்கப்பட்ட உட்சுழற்சிகள், அப்பொறியின் உச்ச வேகத்தை ஏறக்குறைய முழுமையாகவே பிழிந்தெடுத்தன என்பது உண்மை. அவை அப்பொறியோடு ஒழிந்தன என்பதும் உண்மை. எஞ்சியது, எதை எவ்வொழுங்கிற் கணிப்பது என்னும் அறிவு. மென்பொருளால் ஒப்பிடுவது என்னும் முடிவை எடுத்திராவிடில் அவ்வறிவும் ஏதோவொரு சுற்றுப்பலகையில் உறைந்துபோயிருக்கும்.

எதிர்த்தரப்பாரின் வலிய வாதம் வேறொன்று. 2005 அளவில் செயலிகளின் கடிகார வேகம் வளர்வது நின்றுவிட்டது; ஆதலால் பொதுநோக்குக் கணினியை நம்பியிருந்த காலம் முடிந்தது; இனிச் சிறப்புச் சில்லே கதி என்பர். இவ்வாதத்தின் முற்பாதி மெய். பிற்பாதி அதிலிருந்து பிறப்பதன்று. கடிகாரம் நின்றபின் கருக்களின் தொகை பெருகியது. ஒரே கட்டளையால் பல எண்களை ஒருங்கே பெருக்கும் திசையன் அலகுகள் அகன்றன. குனூ றேடியோ 2000களின் இறுதியில் தன் கூறு ஒவ்வொன்றையும் தனி இழையில் ஓட்டத் தொடங்கிற்று. கூறுகளை எழுதியோர் ஒரு வரியும் மாற்றாமலே அவர்தம் நிரல்கள் பல கருக்களிற் பரவின. இடைநிலை மென்பொருள் என்பதன் பயன் இதுவேயன்றோ?

போதாதென்று கூறுவோர் கணக்கிட்டுப் பார்த்ததுண்டா என்பது ஐயத்துக்குரியது. 20 மெகாஹேட்ஸ் அகலமுள்ள அலைவரிசை ஒன்றைக் கொள்க. செக்கனுக்கு 20 மில்லியன் சிக்கலெண் மாதிரிகள் வருகின்றன. அவற்றை 100 குணகங்கொண்ட வடிகட்டியினூடு செலுத்தின், செக்கனுக்கு 400 கோடி பெருக்கிக் கூட்டல்கள் வேண்டும். கேட்க அச்சமூட்டும் எண்தான். ஆயின் 3 ஜிகாஹேட்ஸ் வேகத்தில், எட்டு எண்களை ஒருங்கே பெருக்கும் இரு அலகுகளைக் கொண்ட ஒரேயொரு கருவின் உச்ச வலிமை செக்கனுக்கு 4,800 கோடி. அதிற் பாதியே கைவந்தாலும் வேலையின் ஆறு மடங்கு மிஞ்சுகின்றது. மேலும், வடிகட்டியபின் பத்தில் ஒரு மாதிரியை மட்டுமே வைத்துக்கொள்வதாயின், எறியப்படவிருக்கும் ஒன்பதையும் கணிக்கவே வேண்டியதில்லை. கணிப்பை அவ்வாறு ஒழுங்குபடுத்தின் 400 கோடி 40 கோடியாகின்றது. பத்து மடங்கு வேகமுள்ள சில்லினை வாங்குவதற்கு ஈடான இந்த இலாபம் கரும்பலகையில் ஒரு மணி நேரத்திற் கிடைப்பது. கணிதத்தைக் கற்பிக்க வேண்டிய பீடங்கள் கொள்வனவுப் படிவத்தை நிரப்பக் கற்பிக்கின்றன என்று குறைகூறின் அது மிகையாகாது.

உச்ச எண்ணை நம்பாவிடின் வேறெதனை நம்புவது? அளவீட்டை. இது புதிய ஞானமன்று. 1997 இல் எம்.ஐ.ரி.யில் மத்தேயோ பிரிகோ, ஸ்ரீவன் ஜோன்சன் ஆகிய இருவர் வெளியிட்ட எப்.எப்.ரி.டபிள்யூ. என்னும் விரைவுப் பூரியர் உருமாற்ற நூலகம், எந்த வழி விரைவானது என்பதைத் தானே முன்கூட்டி முடிவுசெய்வதில்லை. ஓடும் பொறியில் பல வழிகளையும் ஓட்டிப்பார்த்து, அப்பொறிக்கு உகந்ததைத் தெரிந்துகொள்கின்றது. குனூ றேடியோவோடு வளர்ந்த வோல்க் என்னும் திசையன் நூலகமும் அவ்வழியே செல்கின்றது: ஒரே செய்கைக்கு இன்ரெல், ஆம் முதலிய செயலிகளுக்கெனப் பல வடிவங்கள், எவற்றுக்கும் அடியில் எங்கும் ஓடும் எளிய வடிவமொன்று, நிறுவியபின் ஒரு முறை அளந்து வேகமானதைக் குறித்துக்கொள்ளும் கருவி. புதிய செயலி வந்தால் ஒரு வடிவம் கூடும். பழைய செயலி மாண்டால் ஒரு வடிவம் குறையும். மேலேயுள்ள நிரல் அசையாது. பொறிக்கே உரிய பகுதியைச் சிறிதாக, கழற்றத்தக்கதாக வைத்திருக்கும் இவ்வமைப்பை அறிந்த பின்னும் முழுத் திட்டத்தையும் ஒரு நிறுவனத்தின் மொழியில் எழுதுவோர்க்கு மன்னிப்பில்லை. 2007 இல் என்விடியா வெளியிட்ட கூடா இன்றளவும் அந்நிறுவனத்தின் சில்லுகளுக்கே உரியது. அதனைத் தொடக்கூடாதென்பதன்று, தொடும் இடம் எல்லைகட்டியதாக இருத்தல் வேண்டும்.

அளவீடு காட்டும் மற்றொன்று, இடர் பெரும்பாலும் செயலியிலன்றித் தரவுப்பாதையிலேயே உள்ளதென்பதாகும். மற் எற்றஸ் உருவாக்கிய முதல் யூ.எஸ்.ஆர்.பி. செக்கனுக்கு 64 மில்லியன் மாதிரிகளை எடுக்க வல்லது, ஆனால் யூ.எஸ்.பி. 2 இணைப்பினூடு கணினியைச் சேரத்தக்கது ஏறத்தாழ 32 மெகாபைற்று. சிக்கலெண் மாதிரியொன்றுக்கு நான்கு பைற்று வீதம் அது 8 மில்லியன் மாதிரிகளே. அப்பால் எத்தனை வலிய கணினி நின்றாலும் வாய்க்காலில் வராத நீர் வயலுக்குப் பாயாது. 2016 இல் வந்த ராஸ்பெரி பை 3 நான்கு கருக்கள் உடையது. ஆயின் அதன் ஈதர்நெற்றும் யூ.எஸ்.பி. வாயில்கள் அனைத்தும் ஒரே யூ.எஸ்.பி. 2 பாதையிற் தொங்கின. ஏற்பியிலிருந்து மாதிரிகளை வாங்கி வலையமைப்பில் அனுப்ப முனைந்தோர் ஒரே குறுகிய பாதையை இருமுறை அடைத்தனர். 2019 இன் நான்காம் பதிப்பிலேயே இக்குறை நீங்கியது. கருக்களை எண்ணியோர் ஏமாந்தனர். பாதையை நோக்கியோர் ஏமாறவில்லை.

இனி, களத்தில் செய்நிரற்படுத்தத்தக்க படலை அணி, சுருக்கமாக எப்.பி.ஜி.ஏ., பற்றிய பேச்சுக்கு வரலாம். 'உண்மையான' பொறியியல் அங்குதான் நடக்கின்றது என்னும் பெருமிதம் இதனைச் சூழ்ந்துள்ளது. அப்பெருமிதத்துக்கு இடமுள்ள களமொன்று உண்டு. அதனை மறுப்பது நேர்மையாகாது. கம்பியில்லா உள்ளூர் வலையமைப்பில், சட்டமொன்று வந்து முடிந்து 10 அல்லது 16 மைக்குரோ செக்கனுக்குள் ஒப்புகை புறப்பட வேண்டும். யூ.எஸ்.பி. 2 இன் ஒரு நுண்சட்டத்தின் நீளமே 125 மைக்குரோ செக்கன். கேள்வி கணினியை எட்டுமுன்பே விடைக்குரிய காலம் பலமுறை கடந்துவிடும். இங்கு ஏற்பியின் அருகிலேயே, சில்லினுள்ளேயே விடை பிறக்க வேண்டும். ஓப்பன்வைபை என்னும் திறந்த திட்டம் அவ்வாறே எப்.பி.ஜி.ஏ.யில் அதனை ஆக்கிக் காட்டியது. ஆயின் இதனருகே நான்காம் தலைமுறைச் செல்லிடப்பேசி முறையை வைத்து நோக்குக. அங்கு தரவு வந்த நான்காவது மில்லிசெக்கனில் ஒப்புகை அனுப்பினாற் போதும். அதனாலேதான் ஓப்பன்எயர்இன்ரர்பேஸ், எஸ்.ஆர்.எஸ்.எல்.ரி.ஈ. போன்ற திறந்த மென்பொருள்கள் முழு அடித்தள நிலையத்தையும் சாதாரணக் கணினியில் ஓட்டுகின்றன. இரண்டும் ஏறத்தாழ ஒரே அகலமுள்ள அலைவரிசைகளே. வேறுபாடு தரவின் அளவிலன்று, தவணையின் நீளத்திலுள்ளது. வன்பொருளைத் தேர்பவர் முதலிற் படிக்க வேண்டியது நெறிமுறையின் நேரக்கட்டளையையே. அதனைப் படித்தவர் எத்தனை பேர்?

தவணை நீண்ட வேலைகளுக்கும் படலை அணியை நாடுவோர் எதனை விலையாகக் கொடுக்கின்றனர் என்பதும் சொல்லப்பட வேண்டும். யூ.எஸ்.ஆர்.பி. கருவிகளின் அணி நிரல்கள் திறந்தவை, எவரும் வாசிக்கலாம். ஆனால் அவற்றைச் சில்லுக்குரிய வடிவமாக்கும் கருவி சில்லு நிறுவனத்தின் மூடிய சொத்து. பெரிய சில்லுகளுக்கோ கட்டண உரிமமும் வேண்டும். புத்தகம் திறந்திருக்கின்றது, கண்ணாடி மட்டும் வாடகைக்கு. சைலிங்ஸ் நிறுவனம் தன் ஐ.எஸ்.ஈ. கருவியின் இறுதிப் பதிப்பை 2013 இல் வெளியிட்டு நிறுத்தியது. அதன் பின்வந்த விவாடோ பழைய ஸ்பார்ட்டன் சில்லுகளை ஏற்பதில்லை. அச்சில்லுகளோடு பணிபுரிவோர் கருவியை ஓட்டுவதற்கெனவே காலங்கடந்த பணிசெயல் முறைமையைப் பேண வேண்டியோராயினர். 2015 இல் அல்ரெரா நிறுவனத்தை இன்ரெல் வாங்கிற்று. 2022 இல் சைலிங்ஸ் நிறுவனத்தை ஏ.எம்.டி. வாங்கிற்று. உரிமையாளர் மாறும்போது கருவியின் கதியும் மாறக்கூடும். நிரலாசிரியரை எவரும் வினவப்போவதில்லை.

இந்நிலை இயற்கையின் விதியன்று என்பதை ஐஸ்ஸ்ரோம் திட்டம் நிறுவியது. லற்றிஸ் நிறுவனத்தின் ஐ.சி.ஈ.40 என்னும் சிறு சில்லின் வெளியிடப்படாத உள்ளமைப்பை ஆர்வலர் ஆராய்ந்து அவிழ்த்து, 2015 இல் முழுவதும் திறந்த கருவித்தொடரை அதற்கு ஆக்கினர். சில்லு சிறியது, பெரிய வேலைக்கு ஆற்றாது. எனினும் தேர்வு செய்யும் பொழுது, இரட்டை வேகமும் மூடிய கருவியும் உள்ள சில்லுக்கும், பாதி வேகமும் திறந்த கருவியும் உள்ள சில்லுக்கும் இடையே பின்னதைத் தெரிவோர் பேதையர் அல்லர். பத்து ஆண்டுகளின் பின்னரும் அந்நிரலைக் கட்டியெழுப்ப வல்லவர் அவர்களே.

மறுபுறத்தில், மலிவே திறப்பு என மயங்குவோரும் உளர். 2012 இல், தொலைக்காட்சி பார்ப்பதற்கென விற்கப்பட்ட சிறு யூ.எஸ்.பி. செருகியிலிருந்து செயலாக்கப்படாத மாதிரிகளைப் பெறலாம் என்பது கண்டறியப்பட்டது. ஆர்.ரி.எல். எனப்படும் அச்செருகி சில பத்து டொலருக்குள் கிடைத்தது. மாணவர் கையில் முதன்முறையாக வானலையை ஒப்படைத்த பெருமை அதற்கே. ஆயினும் அதன் மாதிரி 8 பிற்று. கொள்கையளவில் ஏறத்தாழ 50 டெசிபெல் வீச்சே அதற்குண்டு. வலிய ஒலிபரப்பின் அயலில் மெலிந்த சமிக்ஞையைத் தேடுவோர்க்கு அது உதவாது. அது அனுப்பவும் மாட்டாது. குறை அதிலில்லை, எட்டுப் பிற்றுக்குள் அடங்காத வினாவை அதனிடம் கேட்போரிடமே உள்ளது. எனினும் அச்செருகிக்கென எழுதிய வடிகட்டியும் பண்பிறக்கியும் ஆயிரம் டொலர்க் கருவிக்கு மாறும்போது முதற்கூறு ஒன்றை மட்டும் மாற்றி அப்படியே ஓடும். இம்மாற்றத்தக்க தன்மையே வாங்கப்படும் பொருள், செருகியன்று.

1978 ஆகஸ்டில் ஏவப்பட்ட ஐ.எஸ்.ஈ.ஈ.-3 விண்கலம் 2014 இல் பூமியை அணுகியது. அதனோடு பேசுவதற்குரிய பழைய செலுத்தி உபகரணங்களை நாசா 1999 இலேயே கழற்றிவிட்டிருந்தது. விண்கலம் உயிருடனிருந்தது, அதன் மொழியைப் பேசும் வன்பொருள் பூமியில் இல்லை. ஆர்வலர் குழுவொன்று அம்மொழியைப் பழைய ஆவணங்களிலிருந்து மீட்டு, குனூ றேடியோவிற் கூறுகளாக எழுதி, யூ.எஸ்.ஆர்.பி. கருவியை அரசிபோ வானொலித் தொலைகாட்டியோடு இணைத்து, அவ்வாண்டு மே 29 இல் அதனோடு இருவழித் தொடர்பை ஏற்படுத்தியது. யூலையில் விண்கலத்தின் பாதையைத் திருப்ப எடுத்த முயற்சி, உந்து தொகுதியில் அழுத்த வாயு இன்மையால் நிறைவேறவில்லை. தோற்றது 1978 இன் தாங்கி. 2014 இன் நிரலன்று. அக்குழுவினர் 1970களின் சுற்றுப்பலகைகளை மீளக் கட்டுவதெனத் தொடங்கியிருப்பின், கலம் கடந்துபோயிருக்கும்.

இவ்வளவும் கேட்டபின், கொள்வனவுக் குழுவினர் நடைமுறை வேண்டுமென்பர். நடைமுறை கடினமானதன்று. விற்பனையாளரிடம் கேட்கப்பட வேண்டியது உச்ச வேகமன்று. இயக்கியின் மூல நிரல் லினக்ஸ் கருவின் பொதுக் கிளையிலே உள்ளதா, அன்றி அவர்தம் தனிக் கிளையிலே மட்டும் உள்ளதா? தொகுப்பியை வலையமைப்பும் உரிமச் சாவியும் இன்றி ஓட்ட இயலுமா? இதே நிரல் வேறொருவர் செய்த பலகையில் இன்று ஓடுகின்றதா, ஓடுவதைக் காட்ட இயலுமா? மூன்றாம் கேள்விக்குப் பெரும்பாலோர் விபரத்தாளை மீண்டும் ஒருமுறை நீட்டுவர். அத்தாளை வாங்கி வைத்துக்கொண்டு, ஆய்வுகூடத்தின் மூலையிற் கிடக்கும் ஐந்து வருடப் பழைய கணினியில் அவ்வேலையை ஒருமுறை ஓட்டி அளந்து பார்க்கும்வரை, எவரும் எதிலும் கையொப்பமிட வேண்டியதில்லை.